ஓணத் தொடுகறியும் கோதுமை ஆகாத பிள்ளையும்

கேள்வி: ஆகஸ்ட் 16, 2025

திருவோணத்துக்கு அண்ணன் மகள் குடும்பத்தோடு களியக்காவிளைக்கு வருகிறாள். அவளுடைய பையனுக்கு 6 வயது. சீலியாக் நோய் என்று போன மாதம்தான் தெரிந்ததாம். கோதுமை, மைதா, பார்லி எதுவும் வாயில் படக்கூடாது என்று மைனி (அண்ணன் மனைவி) போனில் அழாத குறையாகச் சொன்னாள். நான் பார்த்தவரை நம் ஓணச் சாப்பாட்டில் சப்பாத்தியும் இல்லை, பூரியும் இல்லை. எல்லாம் அரிசி, தேங்காய், காய். பாயசத்தை மட்டும் மாற்றினால் போதும்தானே? அவனுக்கென்று தனியாக ஒரு தொடுகறி செய்யலாம் என்றும் நினைக்கிறேன். எது செய்யலாம்?

பதில்: ஆகஸ்ட் 16, இரவு

போதாது. இதே வார்த்தையை நானும் போன வருடம் சொன்னேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

என் பேத்திக்கு இப்போது 7 வயது. மகளும் மருமகனும் அம்பாலாவில் இருந்தபோது, 2022-இல், அவளுக்கு 4 வயதாக இருக்கையில் சீலியாக் என்று தெரிந்தது. போன ஓணத்துக்குக் குழித்துறைக்கு வந்தார்கள். ‘நம்ம சாப்பாட்டில் கோதுமை எங்கே இருக்கு’ என்று மகளிடம் தைரியமாகச் சொல்லிவிட்டு இலை போட்டேன். சாப்பிட்டு இரண்டரை மணி நேரத்தில் வாந்தி. அப்புறம் நான்கு நாள் வயிற்றுவலி. ஊஞ்சல் கட்டியிருந்தோம், பிள்ளை அதில் ஏறவே இல்லை.

எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாயசத்தில் சேமியாவும் கோதுமைப் பிரதமனும் கண்ணுக்குத் தெரிந்தவை, அவற்றை விடுங்கள். நம் பக்கத்தில் பால் பாயசத்தோடு போளி வைப்போமே, அதன் மேல்மாவு முழுக்க மைதா. பாயசத்துக்குக் கடையில் வாங்கும் அடையில் அரிசிதான் என்று நினைப்போம், மைதாவில் செய்த பாலடையும் விற்கிறது, பாக்கெட்டைத் திருப்பிப் படிக்க வேண்டும். சாம்பாரிலும் ரசத்திலும் ஊறுகாயிலும் பெருங்காயம். ஆமாம், பெருங்காயம்தான். அதைத் தனியாக எழுத வேண்டும், இன்று கை வலிக்கிறது.

ஆகஸ்ட் 17, காலை

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அவனுக்கென்று தனித் தொடுகறி செய்யாதீர்கள்.

போன வருடம் நான் அப்படித்தான் செய்தேன். பேத்திக்கு ஒரு சின்ன வாளியில் தனியாகத் துவரன் வைத்து, அவள் இலைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அவள் தன் இலையையும் பார்த்தாள், பக்கத்தில் இருந்த மாமன் பிள்ளைகளின் இலையையும் பார்த்தாள். அங்கே பதினாறு வகை, இவளுக்கு ஐந்து. ‘ஆச்சி, என் இலை ஏன் காலியா இருக்கு?’ என்றாள். வாந்தியைவிட அந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் நிற்கிறது.

அவனுக்குத் தனி என்று பிரிப்பதற்குப் பதிலாக, எல்லாருக்கும் வைக்கும் கறியையே அவனும் சாப்பிடும்படி வையுங்கள். நம் தொடுகறிகளில் பாதிக்குமேல் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கின்றன. அவியல், ஓலன், எரிசேரி, துவரன், கிச்சடி, பச்சடி எதிலும் மாவு என்று ஒன்று கிடையாது. வெளியிலிருந்து உள்ளே நுழைவதைத் தடுத்தால் போதும். நான் இந்த வருடம் அவியலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதில் பெருங்காயமும் இல்லை, தாளிப்பும் இல்லை.

ஆகஸ்ட் 17, மாலை

பெருங்காயம்.

ஃபெருலா என்ற செடியின் வேரிலிருந்து வடியும் பால்தான் பெருங்காயம். பெரும்பாலும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிறது. நம் நாட்டில் 2020 அக்டோபரில்தான் இமாச்சலத்தில், லாஹௌல் பள்ளத்தாக்கில், முதல் நாற்றை நட்டார்கள். இத்தனை நூற்றாண்டாகச் சமைத்தும் நாம் விளைவிக்காத ஒரு பொருள் என்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அந்தப் பாலை அப்படியே சாப்பாட்டில் போட முடியாது. கடுகளவு கூடினாலும் கசக்கும், வீடெல்லாம் நாறும். அதனால் மாவும் கருவேலம்பிசின் வகைப் பசையும் சேர்த்துப் பிசைந்து விற்கிறார்கள். பாக்கெட்டின் மேல் ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று எழுதியிருப்பது இதைத்தான். இந்தக் கூட்டு என்ன என்பதை நாற்பது வருடமாகச் சமைத்தும் நான் யோசித்ததில்லை. சில கம்பெனிகள் அரிசி மாவு சேர்க்கின்றன, பல கம்பெனிகள் மைதா சேர்க்கின்றன. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். 2020-இல் வந்த லேபிள் விதிப்படி, குளூட்டன் (கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் புரதம், இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாதது அதுதான்) உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதை ஒவ்வாமைப் பொருளாகத் தனியே குறிப்பிட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

பொடிதான் ஆகாது, கட்டிப் பெருங்காயம் வாங்கினால் பயமில்லை.

ஆகஸ்ட் 18

நேற்று எழுதியதன் கடைசி வரி தப்பு. கட்டியும் கூட்டுதான். வீட்டில் இருந்த கட்டி டப்பாவை இன்று காலை எடுத்துப் பார்த்தேன், கோதுமை மாவு என்று அச்சடித்திருக்கிறது. கட்டி என்றால் சுத்தம் என்ற எண்ணம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. யாராவது நேற்றே கடைக்குப் போயிருந்தால் மன்னிக்கவும்.

கூட்டுச் சேராதது பால்பெருங்காயம். நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள். மிளகளவு எடுத்து வெந்நீரில் கரைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சாம்பாருக்குப் போதும். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். டப்பாவை மூடி, அதை இன்னொரு டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள்.

ஆகஸ்ட் 19

பால்பெருங்காயத்தில் மாவு கலந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். புண்ணுக்குப் போடும் டிங்சர் அயோடின் இருந்தால், பெருங்காயம் கரைத்த தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். மாவு இருந்தால் கருநீலமாகும். நான் இரண்டையும் செய்து பார்த்தேன். கூட்டுப் பெருங்காயம் மை மாதிரி ஆனது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது நிறம் மாறவில்லை.

ஆகஸ்ட் 20

அயோடின் விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. மகளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்: ‘அம்மா, அரிசிக் கஞ்சியில விட்டாலும் நீலமாகும், மரச்சீனியில விட்டாலும் நீலமாகும்.’ சரிதான். அயோடின் காட்டுவது மாவுச்சத்தை. குளூட்டன் புரதம், அதை அயோடின் காட்டாது. நீலமானால் ஏதோ ஒரு மாவு இருக்கிறது, அது அரிசியா மைதாவா என்று தெரியாது. நிறம் மாறாவிட்டால் மாவு கலக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம். அவ்வளவுதான் அதன் பயன். பாக்கெட்டில் அரிசி மாவு என்று போட்ட பெருங்காயத்தை இதை வைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 22

‘இதெல்லாம் வடக்கத்தி வியாதி, நம் ஆட்களுக்கு வராது, இப்போது ஒரு ஃபேஷனாகிவிட்டது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் விட்டு எழுதுகிறேன்.

அவர் சொல்வதில் கால்வாசி உண்மை உண்டு. 2016-இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் வடக்கே நூற்றில் 1.23 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்கும் சீலியாக் இருந்தது. அந்த ஆய்விலேயே இன்னொன்றும் இருக்கிறது. வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வகை மட்டும் இரண்டு பக்கமும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களிடம் இருந்தது. அதாவது நம் உடம்பிலும் கதவு இருக்கிறது, தட்டுகிற கோதுமைதான் குறைவாக இருந்தது. இப்போது எங்கள் தெருவில் சர்க்கரை நோய் இருக்கிற எல்லார் வீட்டிலும் ராத்திரி சப்பாத்திதான். பிள்ளைகளுக்குக் காலையில் ரொட்டி, மாலையில் பிஸ்கட், நடுவில் பொரோட்டா.

ஃபேஷன் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். பேத்திக்கு இரண்டு வயதிலிருந்தே வயிறு மட்டும் உப்பி, கைகால் குச்சியாக இருந்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள். இரும்புச்சத்து டானிக் ஒரு வருடம் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் ரத்தத்தில் டி.டி.ஜி. என்ற எதிர்ப்புப் பொருளைப் பார்க்கச் சொன்னார். அப்புறம் எண்டோஸ்கோப்பி. சிறுகுடலின் உள்சுவரில் சாப்பாட்டை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் மாதிரி குடலுறிஞ்சிகள் இருக்கும். கோதுமை உள்ளே போனால் இவளுடைய உடம்பே அவற்றைத் தாக்கித் தேய்த்துவிடுகிறது. படத்தில் பார்த்தோம், மொட்டையாக இருந்தது. கோதுமையை நிறுத்தி ஒரு வருடத்தில் 9 சென்டிமீட்டர் வளர்ந்தாள். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறோம், வந்து பார்க்கலாம்.

ரொட்டிக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைப் பிடித்தவர் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-இல், ஹாலந்தில் பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனது. ஊரெல்லாம் வாடியபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். கோதுமைமேல் அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் அதில் உறுதிப்பட்டது.

இன்னொன்று, இதைப் படிக்கிற யாருக்காவது உதவும். சந்தேகம் இருந்தால் முதலில் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். நிறுத்தினால் ரத்தத்தில் அந்த எதிர்ப்புப் பொருள் இறங்கி, ஒன்றுமில்லை என்று வந்துவிடலாம். பரிசோதனை முடியட்டும், அப்புறம் நிறுத்தலாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று ஒத்திகை அவியல் வைத்தேன். 12 பேருக்கு என்று கணக்கு. வீட்டில் நாங்கள் 3 பேர்தான், மீதியை என் மைனி வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் கொடுத்தேன்.

ஏத்தங்காய் (நேந்திரங்காய்) 2, சேனை கால் கிலோ, தடியங்காய் (வெள்ளைப் பூசணி) கால் கிலோ, முருங்கைக்காய் 3, சின்னப் புடலங்காய் 1, வழுதலங்காய் (கத்தரிக்காய்) 2, பயத்தங்காய் (காராமணிக்காய்) ஒரு பிடி, மாங்காய் 1, பச்சை மிளகாய் 8. தேங்காய் 2, பெரியதாக. சீரகம் ஒன்றரை ஸ்பூன், சின்ன உள்ளி 8. கேரட் சேர்ப்பவர்கள் சேர்க்கட்டும், நிறத்துக்கு நன்றாக இருக்கும், நான் சேர்க்கவில்லை. உருளைக்கிழங்கை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். அது குழைந்து எல்லாவற்றையும் கூழாக்கிவிடும்.

எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கு நறுக்க வேண்டும். ஏத்தங்காயை மேல்தோலை மட்டும் சீவி மஞ்சள் தண்ணீரில் போட்டுவைத்தால் கறை போகும். உருளியில் சேனையும் ஏத்தங்காயும் முதலில், மஞ்சளும் அரை தம்ளர் தண்ணீரும் போதும், மூடி வையுங்கள். அவை முக்கால் வேக்காடு வந்ததும் முருங்கைக்காய், பயறு, மிளகாய். கடைசியில் தடியங்காய், புடலை, வழுதலங்காய், மாங்காய், உப்பு. தடியங்காய் தானே தண்ணீர் விடும், அதனால் இடையில் தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கும், ஊற்றாதீர்கள்.

தேங்காயை அரைக்கக் கூடாது. சீரகத்தோடும் உள்ளியோடும் சேர்த்து ஒதுக்கி எடுக்க வேண்டும், விரலில் எடுத்தால் பருக்கை தெரிய வேண்டும். மிக்சியில் என்றால் விட்டுவிட்டு நாலு சுற்று. நான் அம்மியில் செய்தேன். இதைக் காய்மேல் பரப்பி, கிளறாமல் மூடி, ஆவி மேலே வரும்வரை விடுங்கள். அப்புறம் அகப்பையின் காம்பால் புரட்டுங்கள், அகப்பையால் கிண்டினால் காய் உடையும். அடுப்பை அணைத்துவிட்டுப் பச்சைத் தேங்காய் எண்ணெய் நாலு பெரிய ஸ்பூன், கறிவேப்பிலை இரண்டு கொத்து கசக்கிப் போட்டு மூடி, கால் மணி நேரம் தொடவே கூடாது. அந்தக் கால் மணி நேரத்தில்தான் அவியல் அவியலாகிறது.

மாங்காய் கிடைக்காவிட்டால் தயிர். அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள்.

கோதுமைக்காக நான் செய்தவை இவ்வளவுதான். சீரகத்தைத் தாம்பாளத்தில் பரப்பிப் பார்த்தேன், வேறு தானியம் ஏதும் கலந்திருக்கிறதா என்று. வீட்டில் இருந்த சிரட்டை அகப்பையை எடுக்கவில்லை, அதில் எத்தனை வருடத்துக் கோதுமைப் பாயசம் ஊறியிருக்கிறதோ. புது அகப்பை ஒன்று வாங்கிச் சிவப்பு நூல் கட்டினேன். அம்மியையும் மிக்சி ஜாரையும் வெந்நீர் விட்டுத் தேய்த்தேன். ஜாரின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள், அடியில் மாவு தேங்கும்.

எதிர்வீட்டுப் பாட்டா சாப்பிட்டுவிட்டு, ‘இதில் என்ன விசேஷம், எப்போதும் வைக்கிற அவியல்தானே’ என்றார். எனக்கு வேண்டியதும் அந்த வார்த்தைதான்.

ஆகஸ்ட் 26, அத்தம்

பூ வாங்கத் தோவாளைக்குப் போய்விட்டு வந்தேன். கேரளத்துக்குப் போகிற வண்டிகள் வரிசை கட்டி நின்றன, வாடாமல்லியும் கேந்தியும் மலையாகக் கிடந்தன. திரும்பும் வழியில் மில்லில் மல்லிப்பொடி அரைக்கக் கொடுக்கலாம் என்று இறங்கினேன். எனக்கு முன்னால் நின்றவர் 5 கிலோ கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பிவிட்டேன்.

மில்லை யாரும் யோசிப்பதில்லை. கோதுமை அரைத்த கல்லில் அடுத்து நம் அரிசி விழுகிறது. முதல் இரண்டு பிடி மாவில் பாதி அவர்களுடையது. அரிசி மாவு, மல்லிப்பொடி, மிளகாய்ப்பொடி மூன்றையும் இந்த ஓணத்துக்கு வீட்டு மிக்சியில்தான் பொடிக்கப்போகிறேன். கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், இருக்கட்டும்.

ஆகஸ்ட் 28

ராத்திரி தூக்கம் வரவில்லை, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

போன வருடம் சாம்பார் வைத்தது மைனி. பெருங்காயத்தில் மைதா இருப்பது அப்புறம் தெரிந்ததும், அவள் சாம்பார்தான் பிள்ளையைப் படுக்கப்போட்டது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அவளிடம் நேரில் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் தெரியும்தானே, பேச்சில் ஒரு சுருக்கம் வந்துவிடும். ஒரு வருடமாக அப்படியே இருந்தது.

கணக்கு இது. சாம்பாரில் அவள் போட்டது அரை ஸ்பூன் பொடி, ஒன்றரை கிராம் என்று வைப்போம். அதில் பாதி மைதா என்றால் முக்கால் கிராம். மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன், ஆக 75 மில்லிகிராம். அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள் 12 பேர். பேத்தியின் பங்கு 6 மில்லிகிராம் சொச்சம்.

இப்போது போளி. ஒரு போளியில் 20 கிராம் மைதா என்று வைத்தாலே 2000 மில்லிகிராம் குளூட்டன். அதில் ஐம்பதில் ஒரு பங்கு, ஒரு துணுக்கு, உதிர்ந்தால் 40. பந்தியில் போளி விளம்பியது நான். கையால் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டு போனேன். பேத்தி ‘ஆச்சி, உப்பேரி’ என்று ஏத்தங்காய் வறுவலைக் கேட்டாள். அதே கையால் அள்ளி அவள் இலையில் வைத்தேன். இரண்டு தடவை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அவளுக்கு வெல்லத்தில் புரட்டிய சர்க்கரைவரட்டிதான் வேண்டும் என்று அழுத்திச் சொன்னாள்.

சாம்பார் குற்றமில்லாதது என்று நான் சொல்லவில்லை. குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு கரண்டி சாம்பாரை 150 கிராம் என்று வைத்தால் அது கிலோவுக்கு 40 வருகிறது, இரண்டு மடங்கு. ரசமும் ஊறுகாயும் சேர்ந்தால் இன்னும் கூடும். தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்தாலே குடலுறிஞ்சிகள் தேய்கின்றன என்று 2007-இல் ஓர் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே பெருங்காயத்தையும் தவிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு நடந்ததற்கு ஒன்றைக் காரணம் சொல்ல வேண்டுமானால், அது மைனியின் சாம்பாரைவிட என் கைதான்.

ஆகஸ்ட் 29

காலையில் போய் மைனியிடம் சொன்னேன். அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ‘போன வருஷத்திலிருந்து நான் பெருங்காயமே வாங்கவில்லை, நீ கவனிக்கலையா’ என்றாள். நான் கவனிக்கவில்லை. அவள் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 31

சிலர் கேட்டவற்றுக்கு வேகமாகப் பதில் சொல்கிறேன், ஓணத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.

பப்படம் உளுந்துதான், ஆனால் மைதா கலந்து செய்பவர்களும் உண்டு. பாக்கெட்டில் பொருள்கள் எழுதியிருப்பதைத்தான் வாங்குங்கள், சும்மா கட்டி விற்பதை இந்தத் தடவை விடுங்கள். பொரிக்கப் புது எண்ணெய். பூரி பொரித்த எண்ணெயை வடிகட்டினாலும் மாவுத்தூள் அதில் இருக்கும்.

உப்பேரியும் சர்க்கரைவரட்டியும் ஏத்தங்காய்தான், ஆனால் கடையில் அதே சட்டியில் வேறு என்னென்ன பொரிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. வீட்டில் போடுங்கள். வரட்டியில் தூவும் அரிசி மாவு மில் மாவாக இருக்க வேண்டாம்.

முந்திரிக்கொத்து யாரோ கேட்டிருந்தார்கள். பயறும் சர்க்கரையும் சரி. முக்கி எடுக்கும் மாவில்தான் விஷயம். பச்சரிசி ஊறவைத்து அரைத்த மாவில் முக்கினால் சாப்பிடலாம். மேல்தோல் மொறுமொறுப்பாக வர வேண்டும் என்று மைதாவில் முக்குகிறவர்கள் அதிகம். கொண்டுவந்து தருபவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இஞ்சிக்கறி, நார்த்தங்காய், மாங்காய் எல்லாம் வீட்டில் போட்டால் பெருங்காயத்தை மட்டும் பாருங்கள். கடை ஊறுகாய் என்றால் லேபிள்.

பிரதமனுக்குச் சிறுபயற்றம்பருப்பு. வெல்லம், தேங்காய்ப்பால், ஏலம், சுக்கு. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்ததும் அதுதான்.

போளி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அண்ணன் முகம் கொஞ்சம் வாடியது. அவருக்குப் போளி இல்லாத ஓணம் ஓணமே இல்லை. மறுநாள் அவிட்டத்துக்கு, பிள்ளைகள் கிளம்பிய பிறகு, அவருக்கு மட்டும் நான் வாங்கித் தருவேன்.

ஆகஸ்ட் 31, மறுபடி

விளம்புகிற ஒழுங்கை எழுத மறந்துவிட்டேன். போளி இருக்கிற வீடுகளில் இதுதான் முக்கியம். பிள்ளைக்கு முதலில் விளம்புங்கள். ஒவ்வொரு கறிக்கும் ஒரு கரண்டி, கரண்டி இடம் மாறக் கூடாது. உப்பேரி, பப்படம் மாதிரிக் கையால் வைப்பதை ஒருவர் மட்டும் வைக்கட்டும், அவர் போளியைத் தொடாதவராக இருக்கட்டும். பக்கத்து இலைக்காரர் அன்பாகத் தன் இலையிலிருந்து எடுத்துக் கொடுப்பார், அதற்கும் முன்பே சொல்லிவையுங்கள்.

செப்டம்பர் 4, உத்திராடம்

மகள், மருமகன், பேத்தி வந்துவிட்டார்கள். வழியில் மார்த்தாண்டத்தில் காய் வாங்க நிறுத்தினோம். கடையில் ஒரு மசாலா பாக்கெட்டை எடுத்து, பேத்தி பின்பக்கத்தைத் திருப்பி விரல் வைத்துப் படித்தாள். இந்திதான் அவளுக்கு வேகமாக வரும், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ‘கோ-து-மை’ என்று படித்துவிட்டுத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டாள். அவள் தமிழில் முதலில் தடுமாறாமல் எழுதக் கற்றுக்கொண்ட சொல்லும் அதுதான் என்று மகள் சொன்னாள்.

சேனை நல்லதாகக் கிடைத்தது. தடியங்காய் மைனி வீட்டுக் கொடியில் காய்த்தது.

செப்டம்பர் 5, திருவோணம், இரவு

12 பேர் என்று நினைத்தோம், 15 பேர் ஆகிவிட்டது. 15 இலையிலும் ஒரே சாப்பாடு.

அவியலை நான் வைத்தேன், பேத்திக்கு விளம்பியது மைனி. சாம்பாரும் மைனிதான், பால்பெருங்காயம் கரைத்த தண்ணீரில் ஒரு ஸ்பூன் விட்டு. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பேத்தி இலையை இடது ஓரத்திலிருந்து எண்ணினாள், பக்கத்து இலையையும் எண்ணினாள். இரண்டும் பதினாறு. அப்புறம்தான் கையை வைத்தாள். அவியல் இரண்டு தடவை கேட்டாள்.

இப்போது மணி ஒன்பதரை. மத்தியானத்திலிருந்து நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டரை மணி நேரம் தாண்டியபோது அவள் ஊஞ்சலில் இருந்தாள்.

செப்டம்பர் 7

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். களியக்காவிளையிலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையாம், அவியலும் ஓலனும் எல்லாருக்கும் சேர்த்தே வைத்தார்களாம். படித்ததும் இங்கே எல்லாரிடமும் வாசித்துக் காட்டினேன்.

சீரகம் சற்றுத் தூக்கலாக இருந்தது என்றும் சொல்கிறார். என் தப்புதான். 24-ஆம் தேதி நான் எழுதிய ஒன்றரை ஸ்பூன் என்பது தேநீர் ஸ்பூன். எண்ணெய்க்குப் பெரிய ஸ்பூன் என்று எழுதினேன், சீரகத்துக்கு எழுதாமல் விட்டுவிட்டேன். அடுத்த தடவை வைப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.